“கணவர் திட்டப்பட்டார்”: குணா அக்கா எழுதிய பதிவு

குணா அக்கா இறந்த செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. “அம்மா காலையில தவறிட்டாங்கக்கா” என்று அவர் மகன் சொன்னதும், பழக்க தோஷத்தில், “எந்த இடம்? பக்கத்துல அடையாளம் ஏதாவது சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன். “திண்டிவனத்துல எங்க வீடுதாங்கக்கா” என்றான் அந்தப் பிள்ளை. வெட்கத்தில் கூனிப்போனேன். குணா அக்கா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

விழுப்புரம் காவல் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடம் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆபத்தென்று போன் வந்தால் எடுப்போம்; இடத்தைக் கேட்டு வண்டி அனுப்புவோம்; நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவோம். அந்த அழைப்பு கடைசியில் என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது. தலைமைக் காவலர் குணசுந்தரியின் குரலுக்கு ஒயர்லெஸ்ஸே தேவையில்லை என்று கேலி செய்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் அலறினார். அவர் மனைவி செல்வி கிணற்றில் விழுந்து, மோட்டார் பைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் எங்கள் மாவட்டத்தில் மூன்று ஊர்கள் இருந்தன.

“பஸ் எங்க திரும்பும், அதச் சொல்லு” என்றார் அக்கா.

“தண்ணி டேங்காண்டங்க. அப்பறம் எங்க மாமியார் வூடு…”

“யோவ், உன் மாமியார எனக்குத் தெரியுமா? ரோட்டச் சொல்லுய்யா!”

“எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. நானும் குதிக்கிறேன்.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“நீயும் உள்ள போய்ட்டா எனக்கு வழி யாரு சொல்றது? நில்லு அங்கயே! போன ஸ்பீக்கர்ல போட்டு கெணத்து மேட்டுல வை.”

அதற்குள் நான் அந்தத் தண்ணீர் டேங்க்கை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துத் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டேன். வண்டி போய்ச் சேரும்வரை அக்கா போனை விடவில்லை. “செல்வி, கையி வலிச்சாலும் வுடாத, வந்துக்கினே இருக்காங்க” என்று கிணற்றுக்குள் இருந்தவரிடம் கெஞ்சுவார். அடுத்த நொடியே மேலே நின்றவரை வாங்கு வாங்கென்று வாங்குவார். பெண்ணை மேலே தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதினார்: “பெண் மீட்கப்பட்டார். கணவர் திட்டப்பட்டார்.”

மறுநாள் ஆய்வாளர் அந்த வரியைக் காட்டி, “இது எதுக்கும்மா?” என்றார். “நடந்தத அப்பிடியே எழுதணும்னு நீங்கதான ஐயா சொன்னீங்க” என்றார் அக்கா. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு செல்வி வந்தார். பின்னால் கணவர். “கெணத்துக்குள்ள இருந்துக்கினே எல்லாத்தையும் கேட்டேங்க. பதினெட்டு வருஷமா இந்தாளுகிட்ட நான் சொல்ல நெனச்சத ஒண்ணு விடாம சொல்லிட்டீங்க!” என்றார். கணவரும் சேர்ந்து சிரித்தார். அக்கா எழுந்து அவர்களுக்கு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகு மல்லாட்டையை உரித்துக்கொண்டே, “எத்தினி ஆயிரம் கொரலு கேட்டிருப்போம். இன்னைக்கித்தான்டி ஒரு மொகத்தப் பாத்தேன்” என்றார்.

“அவங்க போன வெச்சப்பறந்தான் நாம வெக்கணும்” என்பதும் அவர் சொன்னதுதான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கம். நேற்று மாட்டைக் காணோமென்று அழைத்த பெரியவர் ஒருவர், போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற லைன்கள் சும்மா இருந்தன. அவர் டீ சொன்னது, சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டது எல்லாம் காதில் விழுந்தது. கடைசியில் யாரோ, “யோவ், ஒம்மாடு அங்க நிக்குதுய்யா” என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் போனை வைத்தேன்.