பூ ஓயும் வரை குத்தகை

இந்த ஊரில் பழத்தைப் பழமாகப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. தை பிறந்து மாமரங்கள் பூத்ததும் வெள்ளை வேட்டிக்காரர்கள் தோப்புக்குள் வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். பூவைப் பார்த்தே அந்த வருஷத்து விளைச்சல் முழுவதையும் குத்தகைக்குப் பேசி முடித்து, வெற்றிலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு மழையில் பூவெல்லாம் கொட்டிப்போனால் என்ன செய்வார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது அவிய தலையெழுத்து" என்றார். கடலுக்கு அந்தப்பக்கம், இலங்கையில் மாத்தளையில் நாம் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே மரமும் துரையுடையது, காயும் துரையுடையது, கை மட்டும்தான் நம்முடையது. ராஜபாளையத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த அண்ணாந்த கழுத்துகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வெற்றி இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் பீற்றிக்கொள்வேன்?

கொக்கோத் தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், கடைசி வீட்டு அழகம்மா என்றால் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கணவருக்கு இங்கே மில் வேலை கிடைத்ததால் பக்கத்துத் தளவாய்புரத்தில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தோம். காகிதத்தில் எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். என் தாத்தா கப்பலேறிப் போனது இங்கே பக்கத்திலிருக்கும் வ. புதுப்பட்டியிலிருந்துதான். போய் விசாரித்தேன், அவர் பெயரைக் கேட்டு ஒருவர்கூடத் தலையாட்டவில்லை. ரேஷன் கடைக்காரர் வேறு, "சிலோன்காரவியளா? தமிழ் நல்லாப் பேசுதியளே, எங்க படிச்சிய?" என்றார். எரிச்சலில், "எங்கம்மா வயித்துல" என்றேன். அவர் கண் விரிய, "உங்கம்மா டீச்சரா?" என்று கேட்டார். அதற்குமேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை, அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சேத்தூர் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பில் கூலிக்குப் போன முதல் நாள், தென்னைகளுக்கு நடுவே கொக்கோ மரங்களைக் கண்டதும் நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். கேரளத்துக் கம்பெனி ஒன்று கொடுத்த கன்றுகளாம். தோப்பு ராமலட்சுமி அம்மாவுடையது. வீட்டில் தெலுங்கு பேசும், வெளியில் எல்லோரையும் அதட்டும் அம்மா. அவர் கொக்கோவையும் தன் மாந்தோப்பைப் போலவே வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரர் முத்தையாவுக்கு அடுத்த வருஷம் அந்த மரம் இருந்தால் என்ன, செத்தால் என்ன? பழுத்தது, பழுக்காதது எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்த்து இறக்கினார். கொக்கோ தண்டிலேயே காய்க்கிற மரம். காயைப் பிய்த்தால் பட்டையும் சேர்ந்து உரிந்து, அந்தக் கணுவில் பிறகு பூவே வராது. காயை உடைக்கச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆளுக்கொரு அரிவாள் கொடுத்திருந்தார். என் இடது உள்ளங்கையில் குறுக்கே ஓடும் தழும்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மாத்தளையில் எட்டு வயதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்து உடைத்தேன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது அந்தத் தழும்பு எரிந்தது.

புளிக்க வைக்காமல் அப்படியே காயப்போட்ட அந்தக் கொட்டையைக் கம்பெனி லாரியோடு திருப்பி அனுப்பியது. முத்தையா கையை உதறிவிட்டுப் போனார். மரங்களை வெட்டிவிடப் போவதாக ராமலட்சுமி அம்மா சொன்னார். கணவரின் மில் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே போதவில்லை என்று என் மகள் கோமதி ஐந்தாம் வகுப்போடு நின்று, தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தோப்பு வேலையும் போனால் அவள் பள்ளிக்கூட வாசலை மறுபடி மிதிக்கப் போவதில்லை. என்னோடு கப்பலில் வந்த நான்கு பெண்களின் நிலைமையும் அதேதான். ஐந்து பேருமாக அம்மாவின் வீட்டுக்குப் போனோம்.

"வெட்டுற மரத்தை எங்களுக்கு விடுங்கம்மா. வெளைஞ்சதுல பாதிக்குப் பாதி."

"எம்புட்டு நாளைக்குக் கேக்கே?"

"நீங்களே சொல்லுங்க."

"ஊர் வழக்கம் என்ன? பூ ஓயுற வரைக்கும்தான். பூ ஓய்ஞ்சு காய் எறங்கிட்டா தோப்பு என்னுது."

"சரிங்கம்மா. பூ ஓயுற வரைக்கும்" என்றேன். வெற்றிலை வாங்கும்போது நான் தலை குனிந்ததை அவர் பயம் என்று நினைத்திருப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

பழுத்ததை மட்டும் காம்போடு அறுத்தோம். அரிவாளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுக் கட்டையால் தட்டி உடைத்தோம், கொட்டையும் வெட்டுப்படவில்லை, கையும் வெட்டுப்படவில்லை. கொட்டையை வாழை இலை போட்டு மூடிப் புளிக்கவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறி, ஆறாம் நாள் வெயிலில் பரப்பினோம். அந்தப் புளித்த வாடைக்குச் செட்டியார்பட்டி ரோட்டில் போனவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். எங்களுக்கோ அது பிறந்த வீட்டு வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கரீம் பாய்தான் கம்பெனிக்குக் கொக்கோ வாங்கிக் கொடுப்பவர். லாரி திரும்பி வந்த சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை, மூட்டையை இறக்கவே விடவில்லை. "ஒண்ணே ஒண்ணை நறுக்கிப் பாருங்க பாய்" என்று கெஞ்சினேன். ஒன்றை நறுக்கினார், இன்னொன்றை நறுக்கினார், பிறகு கை நிறைய அள்ளி நறுக்கினார். எல்லாம் உள்ளே நன்றாகப் புளித்த பழுப்பு. "எம்மா, இந்தக் கொட்டையத்தான தேடிக்கிட்டுக் கெடந்தேன்!" என்று பையனை அனுப்பிப் பால்கோவா வாங்கிவரச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "இன்னும் வெரசாக் குடுங்க. உடைக்கதுக்கு நாலு சின்னப் பிள்ளைகளைச் சேத்துக்கிடலாம்ல?" என்றார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "பிள்ளைக கை பட்ட கொட்டை வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றேன். பாய் தழும்பையே பார்த்தார். பால்கோவாப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி, "செத்த நேரம் உக்காந்து சாப்பிடுங்க. சரக்கு வருதபடி வரட்டும்" என்றார்.

பாய் சரக்கெடுத்த செய்தி முத்தையா காதுக்கும் போய்விட்டது. ஆனி மாதம் மாங்காய்க் குத்தகைக்காரர்கள் காவல் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே ராமலட்சுமி அம்மா முத்தையாவைக் கூட்டிக்கொண்டு தோப்புக்கு வந்தார். மடி நிறையப் பணத்தோடு வந்திருந்தார் முத்தையா. இந்தத் தோப்பு கைவிட்டுப் போனால் அந்த அரிவாள்கள் திரும்பி வரும். கோமதிக்கு அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதியிருந்தேன்.

"குத்தகை முடிஞ்சு போச்சுல்லா. வழக்கப்படி எறங்கிக்கோங்க" என்றார் அம்மா.

"வழக்கப்படியே செய்வோம்மா. இங்க வாங்க" என்று அவரைப் பக்கத்து மரத்துக்கு அழைத்துப்போனேன். மஞ்சளாகப் பழுத்த ஒரு காய் தண்டில் தொங்கியது. அதற்கு நான்கு விரல் மேலே, பட்டையிலேயே, மூக்குத்தி அளவில் ஒரு வெள்ளைப் பூ. "பூ ஓயுற வரைக்கும்னு சொன்னீங்க. இது என்னங்கம்மா?"

அம்மா குனிந்து பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். அதிலும் பூ. அதற்கடுத்ததிலும் பூ, மொட்டு, பிஞ்சு, பழம். "வெயில்ல கொஞ்சம் கொறையும்மா. ஆனா ஓயாது. இந்த மரத்தோட சாதியே அப்படி" என்றேன்.

"இது ஏமாத்து வேலை!" என்று முத்தையா கத்தினார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, பத்து வருசமா என் மாந்தோப்ப எடுக்கே. மரத்துல பூ இருக்கையில ஒருநாளாவது உன்னைய எறங்கச் சொல்லியிருக்கனா? ஒனக்கு ஒரு வழக்கம், இவளுக்கு ஒரு வழக்கமா?" பிறகு என்னைப் பார்த்து, "அம்மோ! ஊர் வழக்கத்த வச்சே என்னையக் கட்டிப்போட்டுட்டியே, சிலோன்காரி!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்கள் ஐந்து பேரும் தோப்பு அதிரக் குலவை போட்டோம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்தக் குத்தகை இன்றும் ஓடுகிறது. முத்தையா உரித்த கணுக்கள் போனது போனதுதான், மற்றதெல்லாம் காய்க்கிறது. கோமதி கல்லூரிக்குப் போகிறாள். இப்போதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகள் வந்து, பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, மரத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். யாரும் கேட்காத காலத்திலேயே பதில் சொன்னவர்கள் நாங்கள் என்று சொல்லி, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

போன வாரம் பஜாரில் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து மாத்தளைக்கு, அக்காவுக்குப் போன் செய்தேன். லயத்துக்குப் பின்னால் நாம் விளையாடிய கொக்கோ மரங்கள் இன்னும் நிற்கின்றனவாம். அக்கா எப்போதும்போல, "நீ எப்பத்தான் வீட்டுக்கு வருவ?" என்றாள்.

"இந்தப் பூ ஓயட்டும்கா, வாரேன்" என்றேன்.

கொக்கோத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். "அப்ப நாந்தான் வரணும்" என்றாள்.