இடப்பக்கத்துக் கோபுரம்

“கல்லுக்கு நிழல் எந்தப் பக்கம்மா விழும்?” கேளம்பாக்கம் அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே அப்பாவிடமிருந்து வந்த அழைப்பு அது. ஏதோ அவசரம் என்று வெளியே ஓடிவந்து எடுத்திருந்தேன். கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்றவர், எங்கள் திருச்சபையில் பிள்ளைகளின் கோடை வகுப்புக்கு மேடைத் திரை செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, என் பழைய கணினியில் படம் வரையும் மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கற்கோட்டை வர வேண்டும்.

படம் போடுவதுதான் என் பிழைப்பு. ஒரு கல்லை வரைந்து, நகலெடுத்து அடுக்கினால் சுவர் எழுந்துவிடும். அதைச் சொன்னால், “எந்த ஊர்ல ரெண்டு கல்லு ஒரே மாதிரி இருக்கு?” என்பார். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக வரைந்தார். பிறகு ஒரு கல்லைக் காணோம் என்று போன் செய்வார். அது இன்னொரு கல்லுக்கு அடியில் கிடக்கும். ‘நானே போட்டுத் தருகிறேன்’ என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று. அது அவருக்கு அவமானம்.

வகுப்பு நெருங்கிய ஒரு காலையில், முடிந்துவிட்டதென்று படம் அனுப்பினார். வலப்பக்கம் கோபுரம், பாசி படிந்த சுவர், பாதி வாசல். அதோடு சரி. இடப்பக்கம் வெறும் வெள்ளை.

“மீதி எங்கப்பா?”

“முழுசா இருக்கே. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாரு.”

வலக் கோபுரத்தையே புரட்டி இடப்பக்கம் வையுங்கள் என்றேன். ‘எனக்குத் தெரியும்’ என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். வீம்பு என்றுதான் நினைத்தேன். நேரிலேயே சண்டை போட்டுவிடலாம் என்று விடுப்பு சொல்லிவிட்டுப் பெருங்களத்தூருக்குக் கிளம்பினேன். நெரிசலில் நின்றபோதெல்லாம் திட்ட வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பொரியல் ஏன் வைக்கல?” என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். தட்டின் இடப்பாதியில் சோறும் பொரியலும் தொடாமல் கிடந்தன. அம்மா விரலால் சுட்டிக் காட்டியும் அவருக்குப் புலப்படவில்லை. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். “இப்ப வெச்சா எப்படி?” என்றபடியே பொரியலை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். சண்டையை விட்டுவிட்டு அவரை நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். கண்ணில் கோளாறில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டதாம். அன்றே கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார். அந்த வருட வகுப்பு, வெறும் நீலத் துணியின் முன்னால் நடந்தது.

தேறியதும் அப்பா மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். பார்வை அதுவரை போக வேண்டும் என்பதற்காக அம்மா கணினித் திரையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள். வரைந்தவர் பாதியிலேயே நின்றுவிடுவார். “நாடா வரைக்கும் போங்க” என்று அம்மா அதட்டுவாள். “நான் புரட்டி வெச்சிடட்டுமாப்பா?” என்று கேட்டால் எனக்கும் திட்டு விழும். மாதக்கணக்கில் இந்த இழுபறி. கடைசியில் கோபுரம் வந்தது, சற்றே சாய்ந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத பெரிய கற்களோடு.

தாம்பரத்தில் பேனர் அச்சடிக்கும் கடைக்காரர் படத்தைத் திறந்தவுடனே நெற்றியைச் சுருக்கினார். “இந்த சைடு கோணலா கீதே சார். அந்தப் பக்கத்த அப்படியே காப்பி பண்ணிப் போட்டுடவா?”

அப்பா என்னைத்தான் முறைத்தார். நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற சந்தேகம்.

“வேணாம்ணா, அப்படியே போடுங்க,” என்றேன். “இடது ஓரம் மட்டும் வெட்டுப்படாம பாத்துக்கோங்க.”