லாரி நம்பர் சொன்ன மதினி

கொடைக்கானல் மலைக்கிராமமான பூண்டியில் எங்கள் வீட்டு ரேடியோ முதன்முதலாக நாடகம் பேசிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதில் ஒரு பெண் புருஷனைப் பறிகொடுத்துக் கதறினாள். கூடியிருந்த பெண்களில் பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மதினி மட்டும் வெள்ளைப்பூண்டின் தாளை நறுக்குவதை நிறுத்தாமல், "இம்புட்டு நேரமா அழுகுறா, மூக்கு அடைக்கலயே" என்றார். அழுதவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீசன் முடிந்து சொந்த நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த பேட்டரி ரேடியோ அது. அதில் வந்த நாடகத்தைக் குறை சொன்னது என்னையே சொன்னதுபோல் இருந்தது.

மதினி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் காய்கறி லாரி ஓட்டியவர். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் லாரி உருண்டு, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அன்று மாலையே இறந்துபோனார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. மதினி கூக்காலில் இருந்த பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. என் அம்மாவோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பூண்டியிலேயே இருந்துவிட்டார். நான் பிறகு கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வருவேன், திங்கட்கிழமை விடியும் முன் கிளம்பிவிடுவேன்.

மதினியைப் பற்றி ஊருக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. விபத்துச் செய்தி கேட்டு அவர் தனியாக மலையிறங்கி ஓடினாராம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவன் புருஷன் பெயரைக் கேட்டானாம். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். அதனால் மதினி பெயருக்குப் பதில் லாரி நம்பரைச் சொன்னாராம். வாசல்காரனும் அதையே பெயர் என்று எழுதி உள்ளே விட்டானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்கு முகம் மலரும். "உசுரு போற நேரத்துலயும் எம் மருமக வாயத் தொறக்கல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார். ஊர்க்காரர்கள் அதையே சிரிப்பதற்கு வைத்துக்கொண்டார்கள். மதினி இரண்டுக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் அந்த வாயை அடைக்க முடியாது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று பாட்டுக்கெல்லாம் ரேடியோவைத் திறக்கவே விடமாட்டார், நாடகத்துக்கு மட்டும்தான் அனுமதி. கொடுமைக்கார மாமியார் வந்தால், "ஒருத்தி விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற வரைக்கும் கெட்டவளாவே இருப்பாளா? அவளுக்கு வேற சோலி கெடையாதா?" என்பார். நகைச்சுவை நாடகத்தில் வேலைக்காரன் உளறிக் கொட்டினால், "சம்பளத்துக்கு நிக்கிறவன் அம்புட்டு மக்கா இருந்தா மூணு நாள் தாங்குவானா?" என்று கேட்பார். நடிகர்கள் தங்கள் பேச்சுக்குத் தாங்களே சிரித்தால் அவருக்குப் பொறுக்கவே பொறுக்காது. "அவுகளே சிரிச்சு முடிச்சுட்டா நாம எதுக்கு?" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மதினி சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் மாற்றி, போஸ்ட் கார்டில் எழுதி, வாராவாரம் வானொலி நிலையத்துக்கு அனுப்பினேன். அடியில் என் பெயரைப் போட்டேன். நேயர் கடிதம் வாசிக்கும் நேரத்தில் அவை வந்தன. மலையிலிருந்து எழுதும் இந்த அன்பருக்குக் கூர்மையான காது என்று பாராட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. காது யாருடையது என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைசியில், நீங்களே ஒரு நகைச்சுவை நாடகம் எழுதலாமே என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

கற்பனைக்கு நான் அதிகம் சிரமப்படவில்லை. வீட்டிலேயே கதை இருந்தது. ஆஸ்பத்திரியைத் தபாலாபீஸ் ஆக்கினேன், லாரி டிரைவரைக் கப்பல்காரன் ஆக்கினேன். புருஷனுக்கு வந்த கடிதத்தை வாங்கப் போன பெண் அவன் பெயரைச் சொல்ல மறுக்கிறாள். குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்கிறார். கடைசியில் அவள் கப்பலின் நம்பரைச் சொல்ல, அவர் அதையே பெயராக எழுதிக்கொள்கிறார். எழுதும்போது நானே பல தடவை சிரித்தேன். அது யாருடைய துக்கம் என்ற நினைப்பு அப்போது எனக்கு வரவில்லை. வந்து, நான் அதை ஓரம் தள்ளினேனோ என்னவோ. இந்த வயதில் அப்படித்தான் தோன்றுகிறது.

நாடகம் ஒலிபரப்பான ஞாயிறன்று வீட்டில் நிற்க இடமில்லை. கப்பல் நம்பர் வந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. "எம் மருமகளப் பத்தித்தான் எழுதியிருக்கான்" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எல்லோரும் மதினியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மதினி குனிந்து பூண்டை நறுக்கிக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்தது. அம்மா பெருமை பேசப் பக்கத்து வீட்டுக்குப் போனார். ரேடியோவை நிறுத்திவிட்டு மதினிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் எனக்கு அது நாடகம்.

"ஒண்ணும் சொல்லலயே மதினி?"

"ஆளுக பேசுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு எடந்தான் பொய்."

"எந்த இடம்?"

"அவ பேரச் சொல்லாம நிக்கிறாள்ல, அந்த எடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது நடந்ததுதானே மதினி. நீங்க அண்ணன் பேரைச் சொல்லலையே" என்றேன்.

"நான் சொன்னேன்" என்றார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "வாசல்ல கேட்ட ஒடனே சொல்லிட்டேன். உள்ள அடிபட்டவுகளுக்குன்னு வரிசையாக் கட்டில் கெடக்கு, எல்லாத்துக்கும் கட்டுப் போட்டு மூஞ்சி தெரியல. ஒவ்வொரு கட்டிலாப் போயி அவுக பேரச் சத்தம் போட்டுச் சொன்னேன். கடேசிக் கட்டில்ல அவுக கண்ணத் தொறந்தாக. நான் கூப்பிட்டதக் கேட்டாக தம்பி. என்னைய ஒரு தடவ பாத்தாக. வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிட்டாக."

அம்மா போன பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே சொன்னார். "வீட்டுக்குக் கொண்டாந்து எறக்குனதும் அத்தை மொத வார்த்தையா என்ன கேட்டாக தெரியுமா? பேரச் சொல்லிட்டியாடின்னு கேட்டாக. மகன் மூஞ்சியப் பாக்கு முன்னாடி அதக் கேட்டாக. லாரி நம்பரச் சொன்னேன்னு சொல்லிட்டேன். பெறகு எப்புடி மாத்துறது? பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. சொன்னேன், கொறஞ்சிருச்சு. இத்தன வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும், ஊர் சிரித்த ஒவ்வொரு தடவையும், அவர் தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அதை ரேடியோவில் ஏற்றி ஊர் ஊராகச் சிரிக்க வைத்துவிட்டேன்.

"பேர் சொன்னதால யாரும் சாகறதில்ல மதினி. மண்டையில அடி. அண்ணன் பிழைக்க மாட்டார்னு டாக்டரே சொன்னாராம். நீங்க கூப்பிட்டதாலதான் அண்ணன் உங்களைப் பார்த்துட்டுப் போனாரு" என்றேன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத நாடகத்துல எழுதியிருக்கலாம்ல தம்பி?" என்றார்.

கொடைக்கானல் திரும்பிய வாரமே எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியாகவே வைத்தேன். கட்டில் கட்டிலாகப் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிற பெண்ணை எழுதினேன். கண்ணைத் திறந்து பார்த்தவனையும் எழுதினேன். பெயர் சொன்னதால் யாரும் சாவதில்லை என்பதை ஒரு நர்ஸ் வாயால் சொல்ல வைத்தேன். நேயர்கள் என்னிடம் நகைச்சுவையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு வரி எழுதி நிலையம் அதைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவர் எங்கேயும் குறுக்கிடவில்லை. நர்ஸ் பேசும் இடத்தை வாசித்து முடித்தபோது மட்டும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அத இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றார்.

வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.