வீட்டை எடுத்துவிட்ட சொல்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கத்தாரின் தோஹாவில், நஜ்மா பகுதியில், ஒரு அச்சுக்கடையில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். பெரும்பாலும் ஓட்டல் மெனுக்கள், விசிட்டிங் கார்டுகள். ஒருநாள், பல் மருத்துவமனையில் வேலை செய்யும் துருக்கிப் பெண் ஒருத்தி தன் கவிதைகளைச் சிறு புத்தகமாகப் போட வந்தாள்.

அவள் தந்த கோப்பைத் திறந்தால் சொற்கள் உடைந்து கிடந்தன. கீழக்கரைக்காரரான முதலாளி எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் கோளாறு, சரிபண்ணிவிடு என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு போன் செய்தேன்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது சுமாரான ஆங்கிலம்தான். துருக்கி மொழியில் ‘எவ்’ என்றால் வீடு. பன்மை, ‘எங்கள்’, ‘இருந்து’ எல்லாம் அதன் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொள்ளும் என்றாள். இவள் வீட்டை எடுத்துவிட்டு ஒட்டுகளை மட்டும் விட்டிருந்தாள். இஸ்தான்புல்லில் கவிதை எழுதும் அவள் தோழிகளும் சமையலறை, பிரசவம், அம்மாவின் ஏச்சு பற்றியெல்லாம் இப்படித்தான் எழுதிப் பார்க்கிறார்களாம். பழகிய வாக்கியத்தில் எழுதினால் பழகிய பேச்சே வந்துவிடுகிறது என்றாள்.

நான் ஒரு தாளில் ‘வீடுகளிலிருந்து’ என்று எழுதி, ‘வீடு’ மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த கவிதையில் யாரோ சட்டை தேய்க்கிறார்கள் என்றாள். ஆணா பெண்ணா என்று கேட்டேன். துருக்கி மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல்தானாம்.

“தமிழ்ல எப்படிச் சொல்வீங்க?” என்றாள்.

தேய்க்கிறான், தேய்க்கிறாள் என்று சொல்லிக் காட்டினேன். மரியாதைக்கு ‘தேய்க்கிறார்’ என்றால் தவிர, தமிழில் வினைச்சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். அப்படியானால் தன் கவிதை எங்கள் மொழியில் ஒளிய முடியாது என்று சிரித்தாள். எனக்கோ, இத்தனை வருடம் பேசிய மொழியை அன்றுதான் வெளியே நின்று பார்த்ததுபோல் இருந்தது.

போகும்முன், புத்தகத்தின் ஒரு வெற்றுப் பக்கத்தில் ‘களிலிருந்து’ என்பதை மட்டும் தமிழ் எழுத்தில் போடச் சொன்னாள். அச்சாகி வந்ததும் முதலாளி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, இருந்துன்னு போட்டிருக்கு. எதுலேருந்து?”

புத்தகங்களை வாங்க வந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் நேராக அவர் மேசைக்குப் போய், அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பக்கமே என்று சொல்லி, அதைத் தமிழிலேயே இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். அவர் கூச்சத்தோடு கேட்டார்.