லிப்ட்காரரும் தூங்குமூஞ்சி மரமும்

சாப்பிட்ட கையோடு மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிப்ட்காரர் தெருவில் இறங்கிவிடுகிறார். இரவு மணி ஒன்பதரை. பகலெல்லாம் மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் நிற்கிறவர். "ஒரு நாளைக்கு முந்நூறு தடவ மேல போறேன், ஒரு தடவகூட வானத்தப் பாத்ததில்ல" என்பார். அதற்குத்தான் இந்த நடை. அவரை நடக்கச் சொன்னது ஆண்டவர். பக்கத்து வீட்டுக்காரனான என்னை நடக்கச் சொன்னது சர்க்கரை டாக்டர். ஆகவே சேர்ந்து போகிறோம்.

வழியெல்லாம் ஸ்தோத்திரம். தவளை கத்தினால் ஒன்று, காற்றடித்தால் ஒன்று. நிலா வராத நாளில், "இன்னிக்கு நட்சத்திரத்துக்கு டூட்டி" என்று அதற்கும் ஒன்று. எதிரே யாராவது வந்தால் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி, "எத்தனாவது மாடி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

நாற்காலி அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு. பக்கவாதம் வந்து இடது கை விறைத்து, வாய் கோணி, பேச்சு குழறிப்போனதிலிருந்து அக்கா வாசல் தாண்டவில்லை. நாலு வீடு கேட்க ஜெபித்தவர், அதையும் விட்டுவிட்டார். 'வார்த்தை வராமல் என்ன ஜெபம்' என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாராம். அன்றிலிருந்து இவர் வெறும் நாற்காலியைச் சுமந்துபோய், தெருக்கோடித் தூங்குமூஞ்சி மரத்தடியில் விரித்து வைத்துவிட்டு, திரும்பும்போது மடக்கி எடுத்துவருகிறார். "எடம் போட்டு வச்சா ஆள் வரும்" என்பார். நான்கு மாதமாக வரவில்லை.

நேற்று வாசலில் நின்று, "இருட்டுல உன் வாய் யாருக்குத் தெரியப்போவுது? ஆண்டவருக்குத்தான் தெரியும். அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை மறைக்கவும் மறந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருக்கோடி போய்ச்சேர அரை மணி நேரம் ஆயிற்று. ஸ்தோத்திரம் என்ற சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாக நானும் சொன்னேன், வாய்க்குள்தான்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து டார்ச் அடித்தார். பகலில் விரிந்திருந்த இலைகளெல்லாம் இரண்டிரண்டாக ஒட்டி மூடியிருந்தன.

"பாத்தியா, தெனம் ராத்திரி இப்படித்தான் கை கூப்பிக்குது. இதுக்கு என்ன வார்த்த தெரியும், சொல்லு?"

மூடிய இலை ஒன்றை அக்கா வலது கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த இடது கையை வலது கையால் தூக்கி, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அதோடு தன் வலது உள்ளங்கையைச் சேர்த்து வைத்தார்.