பக்கத்துக் கேபின்காரர்

கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில், மகளின் காலேஜ் ஃபீஸை ஆன்லைன் ரம்மியில் வைத்துவிட்டு நான் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலியே கிறீச்சிட்டது. நான் சீட்டு இறக்கும்போதெல்லாம் பக்கத்துக் கேபினில் ஒருவர், “அப்டிப் போடு!” என்று தொடையைத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். கம்பெனி யூனிஃபார்ம், நரைத்த மீசை. அவர் திரையில் நான் அப்போதுதான் போட்ட அதே சீட்டு!

“நைனா, எதிராளி நீதானா? இன்னா இப்டி வேர்க்குது உனுக்கு?”

“பொண்ணோட காலேஜ் ஃபீஸு, தலைவரே.”

அவருக்கு எல்லாச் சீட்டும் சேர்ந்திருந்தது. ‘டிக்ளேர்’ அமுக்கினால் ஜெயம். அவரோ ‘டிராப்’ அமுக்கி, ஆட்டத்தை எனக்கு விட்டுவிட்டார்.

“மூஞ்சியப் பாத்துட்டேனே, இனிமே எப்டி டப்பு வாங்குறது? ஊட்டுக்குப் போ நைனா.”

பணம் காலேஜுக்கே போய்ச் சேர்ந்தது. நானாக இருந்தால், முதலில் ‘டிக்ளேர்’ அமுக்கிவிட்டு அப்புறம் ஆறுதல் சொல்லியிருப்பேன்.