தீதாவின் பெயர்க்காரி

எங்கள் ஊரில் தீதா மன்னேயைப் போல வாய் உள்ளவள் கிடையாது. அவள் குலத்துக்கும் என் குலத்துக்கும் பரம்பரையாகக் கேலி முறை. பார்த்த இடத்தில் வம்புக்கு இழுக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் வீடு.

"வாத்தியாரே, உங்க ஆளுங்களுக்குக் கடலை மூட்டையைக் கண்டா புத்தி மாறிடுமாமே. பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க?"

"உங்க ஆளுங்க சோத்தைக் கண்டா பெத்த தாயையே மறந்துடுவாங்க. அதுக்கு இது தேவலை."

பதினைந்து வருஷம் இப்படித்தான் பொழுது விடிந்தது. இப்போது அவள் என்னைத் திட்டுவதில்லை. அதற்குப் பாதிக் காரணம் கிர்ஸ்டன், மீதிப் பாதி நான்.

கிர்ஸ்டன் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து பெண்களின் காய்கறித் தோட்டத்துக்கு உதவ வந்த தொண்டுக்காரி. காம்பியா ஆற்றின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அப்படி யார் வந்தாலும் ஊரில் ஒருவர் தன் பெயரையே கொடுப்பார். அன்று முதல் இருவரும் பெயர்க்காரர்கள். ஒருவருக்கு விழுந்த அடி மற்றவர் முதுகிலும் விழுந்ததாகத்தான் அர்த்தம். கிர்ஸ்டன் வந்த அன்று, மேளம் கொட்டி ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு தீதா முன்னால் வந்தாள். "இவ என் பேர்க்காரி. வேற எவளும் வாயைத் திறக்காதீங்க" என்றாள்.

அன்று மதியம் சமையல் முறை சிர்ராவுடையது. சிர்ரா இளையவள், தீதாவின் சக்களத்தி. பூப்போட்ட எனாமல் கிண்ணத்தில் சோறு போட்டு, மீனின் நல்ல துண்டை வைத்து, கரண்டியோடு விருந்தாளிக்குத் தனியாக மூடி வைத்தாள். தீதா அதை எடுத்துப் பெரிய தாம்பாளத்திலேயே கொட்டிவிட்டாள்.

"அக்கா, நீ விருந்தாளிக்கு வச்சதைக்கூட விட மாட்டியா?"

"தனியா வச்சுத் திங்க இவ என்ன சுங்க அதிகாரியா? ஏய் தீதா, கையைக் கழுவிட்டு வந்து உக்காருடி."

கிர்ஸ்டன் ஏழெட்டுப் பேரோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். தீதா மீனைப் பிய்த்துப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மிளகாய்க் காரம் என்றாள். இரண்டு வருஷம் அந்தத் தாம்பாளத்தில்தான் சாப்பிட்டாள்.

கணவன் செத்த பிறகும் தீதாவும் சிர்ராவும் அடுப்பைப் பிரிக்கவில்லை. தீதாவுக்குப் பிள்ளை இல்லை. சிர்ரா பெற்ற யூசுபாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் தீதாதான். ஐந்து வயதில் அவன் காய்ச்சலில் போனான். அப்போது சிர்ரா தாய்வீட்டுச் சாவுக்குப் போயிருந்தாள். ராத்திரி உடம்பு சுட்டது, விடிந்ததும் தீதா படகேற்றினாள், அக்கரை ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போயிற்று. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாததைத் தீதா ஒரு மழைக்காலத்தில், கடலை உரித்துக்கொண்டே, கிர்ஸ்டனிடம் சொன்னாள். காய்ச்சல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் அன்று அவள் வயலுக்கு நடவு முறை. நாற்பது பெண்கள் வந்து நிற்கிறார்கள். அந்த நாளை விட்டால் அந்த வருஷம் நெல் கிடையாது. பிள்ளையை மர நிழலில் படுக்க வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"அவகிட்ட ஏன் சொன்னே?" என்று, எல்லாம் வெளியே வந்த பிற்பாடு கேட்டேன்.

"அவ பேரும் தீதா. தீதாகிட்ட தீதா சொன்னா, அது வெளியே போனதாகுமா?"

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

கிர்ஸ்டன் ஊர் திரும்பி நாலு வருஷம் கழித்து மார்கிட் என்ற பெண் வந்தாள். மறுபடியும் மேளம், பாய், கூட்டம். ஆங்கிலத்தை மொழிபெயர்க்க நான். அவள் கையில் ஒரு மெல்லிய புத்தகம். கிர்ஸ்டன் எழுதியதாம், அதைப் படித்துத்தான் கிளம்பி வந்தாளாம். நேராகச் சிர்ராவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் துண்டு துண்டாகச் சொல்ல, நானும் துண்டு துண்டாகச் சொன்னேன்.

"உங்க யூசுபாவைப் பத்திப் படிச்சு அழுதேன்."

சிர்ரா தலையாட்டினாள்.

"முந்தின நாளே காய்ச்சல் வந்தும், நடவு நாளுங்கறதால தீதாவால கூட்டிட்டுப் போக முடியலையே."

கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். கூட்டம் அடங்கிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. என் ஆங்கிலப் பெருமையில் மண் விழ.

சிர்ரா தீதாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "முந்தின நாளாக்கா?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவள் எழுந்து வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் என் போனிலிருந்து கிர்ஸ்டனைக் கூப்பிட்டோம். குரல் கேட்டதும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். எங்கள் பாஷை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"என் பேரைப் போட்டியா?" என்றாள் தீதா.

"உண்மைப் பேரைப் போடறதுதான் உனக்கு மரியாதைன்னு நெனச்சேன். நீயும் நானும் ஒண்ணுன்னு நீதானே சொன்னே? உன் கதை என் கதையும்தானே. படிச்சவங்க எல்லாரும் உன்மேல உசிரா இருக்காங்க."

தீதா போனை என்னிடம் நீட்டிவிட்டாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவளை நான்கு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் குரலில் துளிக் குற்ற உணர்வும் இல்லை.

தீதா என்னையும் பள்ளிவாசல் இமாமையும் கோலாக் கொட்டையோடு சிர்ராவிடம் தூது அனுப்பினாள். மன்னிப்புக் கேட்க எங்களுக்கு அதுதான் வழி. சிர்ரா ஒரு கொட்டையைப் பிளந்து எங்கள் முன்னாலேயே மென்றாள். "அக்காவை மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. ஆண்டவனுக்கு முன்னாடியும் சொல்றேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

அன்றைய சமையலும் சிர்ராவுடையதுதான். தூது வந்தவர்களைச் சாப்பிடாமல் விடுவதில்லை என்பதால் நாங்களும் ஆண்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். பக்கத்தில் பெண்களின் தாம்பாளம். தீதா கையைக் கழுவிக்கொண்டு தன் வழக்கமான இடத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு அங்க வச்சிருக்கேன்" என்றாள் சிர்ரா.

தள்ளி ஒரு பாய் விரித்திருந்தது. அதன்மேல் மூடி போட்ட பூப்போட்ட எனாமல் கிண்ணம், பக்கத்தில் கரண்டி. தீதா ஈரக் கையை உடுத்திருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு போய் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். மீனின் நல்ல துண்டு அதில்தான் இருந்தது.

மார்கிட்டுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. அவள் பெண்களோடு தாம்பாளத்தில் சாப்பிடுகிறாள். தீதா கரண்டியால் சாப்பிடுகிறாள்.